நீக்கப்படுபவை

திரையில் பட்டியல் வந்து நின்றதும் லிஸ்ட் சார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து வாய்க்குள் முணுமுணுத்தபடி படிக்கத் தொடங்குகிறார். ஆள்காட்டி விரல் திரையைத் தொடாமல் வரிவரியாக இறங்குகிறது. கணினியின் இயங்குதளத்தை அடுத்த பதிப்புக்கு மாற்றும்போது என்னென்ன புதிதாக வரும், என்னென்ன மாறும், என்னென்ன போய்விடும் என்று அது முன்கூட்டியே பட்டியல் போட்டுக் காட்டும். கடைசியில் 'தொடரலாமா?' என்று கேட்கும். பெரும்பாலானவர்கள் அந்தக் கேள்வியை மட்டும் படித்துவிட்டு, ஆமாம் என்று அழுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறவர்கள். லிஸ்ட் சார் வருவதையும் மாறுவதையும் ஓட்டமாகத் தாண்டிவிடுவார். 'நீக்கப்படுபவை' என்ற தலைப்பு வந்ததும் விரலின் நடை தளர்ந்துவிடும்.

"உள்ள வர்றவன் யாரா இருந்தாலும் வந்தப்புறம் பேசிக்கலாம். வெளிய போறவன் எதைத் தூக்கிட்டுப் போறான்னு வாசல்லயே நின்னு பாக்கணும்" என்பார்.

இந்தப் பழக்கத்தால் வந்த பெயர்தான் லிஸ்ட் சார். வயது ஐம்பத்து நான்கு. ஒல்லி. சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா; ஒன்று எழுதும், மற்றது எழுதாது, எது எது என்று அவருக்கு மட்டும் தெரியும். மின்தூக்கிக்குள் ஏறினால் உள்ளே ஒட்டியிருக்கும் எச்சரிக்கையை நான்காவது மாடி வருவதற்குள் படித்து முடிப்பார். முடியாவிட்டால் ஐந்தாவது மாடி வரை போய்த் திரும்புவார். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தில் பக்கவிளைவுகளை ஒன்று விடாமல் படித்துவிட்டு, அதில் ஏழெட்டைத் தனக்கும் வரவழைத்துக்கொள்வார். "எல்லாத்தையும் படிச்சுப் பாத்து ஓகே சொல்ற மனுஷன், என்னை மட்டும்தான் படிக்காம ஓகே சொல்லிட்டாரு" என்று அவர் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அதற்கும் லிஸ்ட் சாரிடம் பதில் உண்டு. "உங்கப்பா லிஸ்டே காட்டலயே."

அவர் வேலை பார்ப்பது பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகமும் தேர்வுத்தாளும் தயாரிக்கும் அச்சகத்தில். அங்கே மையும் கிடையாது, மை வாசனையும் கிடையாது. தடித்த தாளில் புள்ளி புள்ளியாகக் குத்தி எழுத்தை எழுப்பும் இயந்திரங்கள் இரண்டு. அவை ஓடும்போது தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்கிற சத்தம். இயந்திர அறைக்கு அடுத்தது மெய்ப்பு அறை. அங்கே பகலில்கூட சன்னல் திறப்பதில்லை, மாலையில் விளக்குப் போடுவதுமில்லை. உள்ளே இருந்தவருக்கு இரண்டும் தேவைப்படவில்லை.

அவர்தான் விரல் அக்கா. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். பத்தொன்பது வருடம் அந்த அச்சகத்திலிருந்து வெளியே போன ஒவ்வொரு தாளும் அவருடைய இடது கை விரல்களுக்கு அடியில் ஊர்ந்த பிறகே போனது. ஒரு புள்ளி குறைந்தால் விரல் நின்றுவிடும். தன் கண்ணைத் தானே கேலி செய்துகொள்வதில் அக்காவுக்கு ஈடு கிடையாது. புது ஆள் யாராவது, "அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டால், "பாத்துட்டேன், நல்லாத்தான் இருக்கீங்க" என்பார். எல்லோரும் லிஸ்ட் சார் என்று கூப்பிடும்போது அவர் மட்டும் அண்ணா என்பார். இயந்திர அறைக்கும் மெய்ப்பு அறைக்கும் நடுவில் பலகைத் தடுப்புதான். அண்ணனும் தங்கையும் பத்தொன்பது வருடம் அதன் வழியாகவே பேசிக்கொண்டார்கள்.

"அண்ணா, எழுபதாம் பக்கத்துல உங்க மிஷினுக்குத் தூக்கம் வந்துடுச்சு. ஆறாம் புள்ளியைக் காணோம்."

"வருதும்மா."

லிஸ்ட் சாரின் வாழ்க்கையில் இன்னொரு வேலையும் இருந்தது. அச்சகத்தின் கணினிகளில் ஓடுவது காசு கொடுத்து வாங்காத இயங்குதளம். உலகின் பல மூலைகளில் இருப்பவர்கள் சம்பளம் இல்லாமல் ஆளுக்கொரு துண்டாக அதைப் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தத் துண்டுக்குப் பேக்கேஜ், அதாவது பொதி என்று பெயர். ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பராமரிப்பாளர் உண்டு. கணக்குப் பாடத்தைப் புள்ளி எழுத்துக்கு மாற்றித் தரும் சின்னப் பொதி ஒன்று, எழுதியவர் கைவிட்டுப் போனபின் அநாதையாகக் கிடந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் லிஸ்ட் சார் அதை எடுத்துக்கொண்டார். காலையில் பால் வரும் முன்பே எழுந்து, பல் துலக்கிய கையோடு உட்கார்ந்து, எங்கோ ஒரு நாட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த புகாரைப் படித்துச் சரிசெய்துவிட்டுத்தான் குளிக்கப் போவார். இப்படி ஒரு வேலை பார்க்கிறார் என்பது அச்சகத்தில் அக்காவுக்கு மட்டும் தெரியும். அதுவும் பொதி இருக்கிறது என்ற அளவில்தான், அதை நீக்குவதும் வைப்பதும் எப்படி என்பதெல்லாம் தெரியாது. வீட்டில் மனைவிக்குத் தெரியும். "பொதின்னா அதைச் சுமக்க ஒரு கழுதை வேணும்ல? அதான் தேடிப் பிடிச்சிருக்காங்க" என்பார்.

போன வருடம் புது மேலாளர் வந்தார். சிரித்த முகம், மெல்லிய குரல், யாரையும் 'சார்' போடாமல் கூப்பிடாத மரியாதை. வந்த இரண்டாம் மாதம் கணினி வேலையை வெளி நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தார். லிஸ்ட் சாரை அறைக்கு அழைத்து உட்காரவைத்தார்.

"சார், உங்க அனுபவம் பேக்கிங் செக்‌ஷனுக்கு ரொம்பத் தேவைப்படுது."

அந்த 'ரொம்ப' முள்ளாகக் குத்திக்கொண்டே வீடு வரை வந்தது. இருபத்திரண்டு வருடம் இயந்திரங்களின் இருமல் சத்தத்தை வைத்தே எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொன்னவர், மறுநாளிலிருந்து சணல் கயிறும் ஒட்டுத்தாளும் வைத்துக்கொண்டு மூட்டை கட்டினார். ஒவ்வொரு மூட்டைக்கும் இரட்டை முடிச்சுப் போட்டார். முகவரியை இரண்டு முறை படித்தார். யாரோடும் பேசவில்லை. மூட்டை மேசையிலிருந்து மெய்ப்பு அறை நடைபாதையின் அந்தக் கோடியில் இருந்தது. தடுப்பின் வழியாகப் பேச ஆளில்லாமல் அக்கா, "பலகை ஊமையாயிடுச்சு" என்று யாரிடமோ சொன்னதாகக் காதில் விழுந்தது.

அந்த நாட்களில்தான் முதல் கடிதம் வந்தது. இயங்குதளத்தின் அடுத்த பதிப்பு வருவதற்கு முன் சோதனை வெளியீடு என்று ஒன்று இருக்கும். அதில் உள்ள பொதியில் பெரிய பழுது கண்டால் பராமரிப்பாளருக்குத் தெரிவிப்பார்கள். குறித்த நாளுக்குள் அவர் சரிசெய்ய வேண்டும். 'பார்த்துக்கொண்டிருக்கிறேன்' என்று ஒரு வரி எழுதினாலும் தவணை கிடைக்கும். இரண்டும் இல்லையென்றால் பொதியை எடுத்துவிடுவார்கள். அதில் கோபமோ தாபமோ இல்லை. கேட்பாரற்ற வீட்டை இழுத்துப் பூட்டுகிற மாதிரிதான்.

லிஸ்ட் சார் கடிதத்தை இரண்டு முறை முழுக்கப் படித்தார். எங்கேயோ ஏதோ ஒரு கருவி புதிதாகிவிட்டதால் அவருடைய பொதி இப்போது ஓடும் நிரலாகக் கட்டமையவில்லை. ஒரு கோப்பின் தலையில் ஒரே ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும். படிக்கும்போதே அந்த வரி அவர் மனதில் எழுதப்பட்டுவிட்டது. கணினியை மூடிவிட்டுக் குளிக்கப் போனார்.

"என்ன, இன்னிக்குப் பொதி சுமக்கலயா?" என்றார் மனைவி.

"சம்பளம் குடுக்கிறவனுக்கு நான் வேண்டாம். சம்பளம் குடுக்காதவனுக்கு மட்டும் வேணுமாக்கும்?"

"வேண்டாம்னு சொன்னது லெட்டர் போட்டவனா?"

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். இரண்டாவது கடிதம் வந்தது. மூன்றாவதும் வந்தது. ஒவ்வொன்றையும் கடைசி முற்றுப்புள்ளி வரை படித்தார். பதில் எழுதவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, 'இன்று சோதனை வெளியீட்டிலிருந்து நீக்கப்பட்டது' என்று இரண்டு வரி வந்தது. அவருக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்தது என்பதை மறைக்க முடியாது. ஆறின காபியைக் கடைசி மடக்கு வரை குடிக்கிறவனுக்கு இருக்குமே, அந்த மாதிரி ஒரு கசப்பான திருப்தி.

ஆறேழு வாரம் கழித்து அச்சகத்துக்குப் புதுக் குத்து இயந்திரம் ஒன்று வந்தது. அது பழைய இயங்குதளத்தோடு பேசாது. சோதனை வெளியீட்டுக்கு மாறியாக வேண்டும். வெளி நிறுவனத்திலிருந்து இருவர் வந்து உட்கார்ந்தார்கள். லிஸ்ட் சார் தாள்கட்டு ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு இயந்திர அறையைக் கடந்தபோது, கதவு திறந்திருந்தது. திரையில் பட்டியல். கால் தானாக நின்றது. மூக்குக்கண்ணாடி தானாக நெற்றிக்கு ஏறியது. நீக்கப்படுபவை நாற்பத்தொன்று. இருபத்தேழாவது வரியில் அவருடைய பொதி இருந்தது.

"தம்பி, அந்த லிஸ்ட்ட ஒருதடவை கீழ இருந்து..."

பின்னால் மேலாளரின் மெல்லிய குரல் கேட்டது. "சார், உங்க செக்‌ஷன் அந்தப் பக்கம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். உட்கார்ந்திருந்தவர் ஆமாம் என்று அழுத்தினார். நாற்பத்தொரு வரியும் ஒவ்வொன்றாக மறைந்தன. லிஸ்ட் சார் திறந்த வாயை மூடிக்கொண்டு, தோளில் கட்டோடு தன் பக்கம் போனார்.

அவர் போட்ட கணக்கு இதுதான். கணக்குப் பாடத்தின் முதல் பின்னம் வரும் இடத்தில் இயந்திரம் நின்றுவிடும். எதையாவது காணவில்லை என்று திரை கத்தும். வந்தவர்கள் தலையைச் சொறிவார்கள். மேலாளர் நடைபாதையைத் தாண்டி மூட்டை கட்டும் மேசைக்கு நடந்து வருவார். அப்படி வருகிறவர் உட்கார வேண்டுமே என்று எதிரில் ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டும் வைத்தார்.

இயந்திரம் நிற்கவில்லை. ஆலங்கட்டி மழை சோவென்று பெய்தது. கணக்குப் பொதி இல்லாவிட்டால், சாதாரணப் பாடத்தை மாற்றும் இன்னொரு பொதி அந்த வேலையையும் தன் தலையில் போட்டுக்கொள்ளும்படி யாரோ எப்போதோ அமைத்து வைத்திருந்தார்கள். அதற்கு எண் தெரியும், எழுத்துத் தெரியும்; பின்னம் தெரியாது. மேலே மூன்று, நடுவில் கோடு, கீழே நான்கு என்று இருந்தால், கோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடும். முக்கால் முப்பத்து நான்கு ஆனது. அரை பன்னிரண்டு ஆனது. எதையும் காணவில்லை என்று எந்தத் திரையும் சொல்லவில்லை.

ஓடியது பள்ளி இறுதித் தேர்வின் கணக்குத்தாள். நானூற்று இருபது பிரதி.

இயங்குதளம் மாற்றியதில் மூன்று நாள் போயிருந்தது. அந்த மூன்று நாளை மெய்ப்பில் ஈடுகட்டினார் மேலாளர். அன்று மதியம் விரல் அக்கா சுவரைத் தடவிக்கொண்டே நடைபாதையின் இந்தக் கோடிக்கு வந்தார். அவர் மூட்டை மேசைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. முக்காலி காலில் இடறியது. அதில் உட்காராமல் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணா, முதல் ரெண்டு தாள் படிச்சாப் போதும், மொத்தத்துக்கும் கையெழுத்துப் போடுன்றாரு. நான் மாட்டேன்னுட்டேன். வண்டி வந்து நிக்குதாம், பரீட்சை போர்டுல இருந்து போன் மேல போனாம். புது ஆட்டோமேட்டிக்காம், தப்பே வராதாம். நீங்க சொல்லுங்க. அதுல நம்ம பேக்கேஜ் இருக்குல்ல? அது இருந்தாச் சொல்லுங்க, கண்ணை மூடிட்டுப் போட்டுடறேன்."

சொல்லிவிட்டுத் தன் கேலிக்குத் தானே சிரித்தார். லிஸ்ட் சார் சிரிக்கவில்லை. பல்லில் கயிற்றைக் கடித்து முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தார். 'இல்லம்மா' என்ற சொல் நாக்கு வரை வந்தது. நாக்குக்குப் பக்கத்தில் வேறொன்றும் நின்றுகொண்டிருந்தது. அது முந்திக்கொண்டது.

"மூட்டை கட்டுறவன்கிட்ட வந்து மிஷினைப் பத்திக் கேக்குறியேம்மா. உள்ள பெரிய பெரிய ஆளுங்க இருக்காங்க. அவங்களைக் கேளு."

அக்கா முக்காலியை ஓரமாகத் தள்ளி வைத்தார். "கோவமா இருக்கீங்க."

"எனக்கென்ன கோவம்."

"சரி" என்றார் அக்கா. சுவரைத் தடவிக்கொண்டே திரும்பிப் போனார். படித்த இரண்டு தாளில் பின்னமே வரவில்லை. கையெழுத்துப் போட்டார். முத்திரையிட்ட உறைகள் ஒரு மணி நேரத்தில் மூட்டை மேசைக்கு வந்தன. பதினொரு பள்ளிக்கும் பதினொரு மூட்டை. கட்டியது லிஸ்ட் சார்தான். இரட்டை முடிச்சுப் போட்டார். முகவரியை இரண்டு முறை படித்தார்.

செய்தியும் முதலில் அவரிடம்தான் வந்தது. மூட்டையில் எழுதியிருந்தது மூட்டைப் பிரிவின் தொலைபேசி எண். கூப்பிட்டவர் ஒரு பள்ளியின் கணக்கு ஆசிரியை.

"சார், எங்க பொண்ணு ஒருத்தி, கணக்குல அவதான் முதல். 'தொட்டியில முப்பத்துநாலு பங்கு தண்ணி எப்படி நிக்கும்?'னு எழுந்து கேட்டிருக்கா. ஹால்ல இருந்தவருக்குப் புள்ளி படிக்கத் தெரியாது. 'இருக்கிறதை அப்படியே போடும்மா'ன்னிருக்காரு. முழு நேரமும் அந்த ஒரு கணக்குலயே உக்காந்திருக்கா சார். தொட்டி எங்கயோ ரொம்புது, வழியுதுன்னு பக்கம் பக்கமா எழுதியிருக்கா. வெளிய வந்து, 'மிஸ், எனக்குக் கணக்கு மறந்துடுச்சு'ங்குறா. நீங்கல்லாம் படிச்சுப் பாத்துத்தான் அனுப்புறீங்களா?"

லிஸ்ட் சார் தொலைபேசியைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் வைத்த பிறகும் வைத்துக்கொண்டிருந்தார்.

விசாரணைக்குப் பரீட்சை போர்டிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். நீளமான மேசை, ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டி. அக்காவை முக்கால் மணி நேரம் கேட்டார்கள். தாளை முழுக்கப் படித்தீர்களா என்ற ஒரே கேள்வியைப் பலவிதமாகக் கேட்டார்கள். இல்லை என்ற ஒரே பதிலை அக்கா ஒரேவிதமாகச் சொன்னார். தன்னைப் படிக்கவிடவில்லை என்றும் சொன்னார். மேலாளர், 'மாதிரிக்கு முதலில் இரண்டு' என்றுதான் சொன்னதாக நினைவு என்று மெல்லிய குரலில் திருத்தினார். மூட்டை மேசையில் தான் கேட்டதையும், அங்கே கிடைத்த பதிலையும் பற்றி அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு லிஸ்ட் சாரைக் கூப்பிட்டார்கள், முன்பு இயந்திர அறையில் இருந்தவர் என்பதால்.

"லிஸ்ட்ட படிக்காம ஆமாம்னு அழுத்தினாங்க. நீக்கப்படுபவையில இருபத்தேழாவது வரி. நான் சொல்ல வந்தேன், சொல்லவிடல" என்றார். மேலாளர் தலையைக் குனிந்துகொண்டு குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். லிஸ்ட் சாருக்கு அந்தக் கணம் இனித்தது.

மூவரில் ஒருவர் நரைத்த தலைமுடியோடு இருந்த அம்மா. அவர் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "அந்த வரி ஏன் அந்த லிஸ்ட்டுக்கு வந்துச்சு?"

"பராமரிப்பாளர் பதில் சொல்லல. அதனால எடுத்துட்டாங்க."

"யார் அந்தப் பராமரிப்பாளர்?"

பொதியைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே அவர் பெயர் இருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்த அறையில் இருந்த யாரும் பார்க்கப் போவதில்லை.

"வெளிய யாரோ" என்றார் லிஸ்ட் சார். "சம்பளம் இல்லாம பாக்கிறவங்க. அவங்களை ஒண்ணும் கேக்க முடியாது."

அறிக்கை இரண்டு பக்கம். மென்பொருள் வெளியாட்களுடையது, அவர்களைக் கட்டுப்படுத்த முடியாது. நிறுவனம் நடைமுறையைப் பின்பற்றியிருக்கிறது. மெய்ப்பில் கவனக்குறைவு நேர்ந்திருக்கிறது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று உலகம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் கையில் அகப்படுவது எப்போதும் அம்புதான். பிள்ளைகளுக்கு ஒரு மாதம் கழித்து மறுதேர்வு. பத்தொன்பது வருடமாக வருடாவருடம் புதுப்பிக்கப்பட்டு வந்த அக்காவின் ஒப்பந்தம் அந்த வருடம் புதுப்பிக்கப்படவில்லை. அவர் தன் நாற்காலித் திண்டையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு கிளம்பிய நாளில், எல்லோரும் வாசல் வரை போய் வழியனுப்பினார்கள். லிஸ்ட் சார் கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார். வெளியே ஆட்டோ கிளம்பிய சத்தம் கேட்ட பிறகும், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

மறுநாள் காலை பால் வருவதற்கு முன் எழுந்து உட்கார்ந்தார். அந்த ஒரு வரியை எழுதினார். கட்டமைத்துப் பார்த்து அனுப்ப மொத்தம் பதினோரு நிமிடம். ஆறாம் நாள் பொதி சோதனை வெளியீட்டுக்குத் திரும்பியது. முகம் தெரியாத ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது: 'உங்களிடமிருந்து பதில் இல்லாதபோது உடம்புக்கு என்னவோ என்று கவலைப்பட்டோம். இத்தனை வருடத் தன்னலமற்ற உழைப்புக்கு நன்றி.' வழக்கம்போலக் கடைசி வரை படித்தார். மூன்றாம் முறை படித்தபோது எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

மேலாளர் ஒருநாள் நடைபாதையைத் தாண்டி மூட்டை மேசைக்கு வந்தே விட்டார். முக்காலியில் உட்கார்ந்தார். "சார், நீங்க இல்லாம மிஷின் ரூம் ஓடாதுன்னு இப்பத்தான் புரியுது. நாளைல இருந்து அங்கயே வந்துடுங்க." எந்த வாக்கியத்துக்காக நாள் கணக்காகக் காத்திருந்தாரோ, அது ஒரு சொல் குறையாமல் வந்தது. "சரி சார்" என்றார். இப்போது பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் தாள்கட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். தற்காலிகமாக ஒருவர் வந்து மெய்ப்புப் பார்த்துவிட்டுப் போகிறார், அவர் பேசுவதில்லை.

வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னார். மூன்று கடிதம், இருபத்தேழாவது வரி, மூட்டை மேசை, விசாரணை. மனைவி அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கழுதை, பொதி என்றெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை.

"அண்ணான்னு கூப்பிடுற அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"அப்புறம் எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? நானா வேலை போய் உக்காந்திருக்கேன்?"

மறுதேர்வு நடந்து முடிந்த வாரம், மிஞ்சிய தாள்களில் ஒரு பிரதியைத் தோள்பையில் வைத்துக்கொண்டு அக்காவின் வீட்டுக்குப் போனார். அக்கா இருப்பது தம்பி வீட்டில். கதவைத் திறந்த தம்பி மனைவி, உள்ளே பார்த்து, "அண்ணி, ஆபீஸ்ல இருந்து யாரோ" என்றார். 'யாரோ' என்பதை லிஸ்ட் சார் கேட்டுக்கொண்டார். விசாரணையில் நாமும் பயன்படுத்திய சொல்தானே என்று நினைத்துக்கொண்டார்.

அக்கா உள்ளறையில் ஒரு மேசைக்கு முன் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். வீட்டிலுள்ள எல்லாருடைய துணியும். எது யாருடையது என்று ஓரத் தையலைத் தடவிப் பார்த்துப் பிரித்து அடுக்கினார். மெல்லத் தடவிக்கொண்டே போகும் அந்த விரல்களுக்கு இப்போது அதுதான் வேலை.

"உக்காருங்கண்ணா. காலடிச் சத்தத்துலயே தெரிஞ்சுது."

லிஸ்ட் சார் உட்கார்ந்தார். சுற்றி வளைக்கவில்லை. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார், பட்டியல் படிக்கிறவர் மாதிரி, எதையும் விடாமல். 'வெளிய யாரோ' என்று சொன்ன இடத்தில் மட்டும் நிறுத்தி, இன்னொரு முறை சொன்னார். அக்கா மடிப்பதை நிறுத்தவில்லை.

"எத்தனை லெட்டர் வந்துச்சுன்னீங்க?"

"மூணு."

"மூணையும் முழுசாப் படிச்சீங்க."

"படிச்சேம்மா."

"அதானே. நீங்க படிக்காம விட மாட்டீங்களே." ஒரு சின்னச் சட்டையைப் பாதியாக மடித்து அதன் மேல் உள்ளங்கையை வைத்தார். "அன்னிக்கு ஒரு வார்த்தை. இல்லம்மான்னு ஒரு வார்த்தை."

"போர்டுக்கு எழுதிக் குடுத்துடறேன். நான்தான்னு. உன் மேல தப்பில்லன்னு."

"குடுங்க. குடுத்தா என்ன ஆகும்? என்னைத் திருப்பிக் கூப்பிட மாட்டாங்க. உங்களையும் அனுப்புவாங்க. அப்புறம் அந்தப் பேக்கேஜை யார் பாப்பா? அந்தப் பொண்ணு அடுத்த வருஷமும் தொட்டியில முப்பத்துநாலு பங்கு தண்ணி ஊத்தணுமா?"

"எனக்கு மனசு கேக்கலம்மா."

"கேக்க வேண்டாம்" என்றார் அக்கா. குரலை உயர்த்தவில்லை. "எழுதிக் குடுத்துட்டா உங்களுக்கு நிம்மதியாத் தூக்கம் வரும். அந்தத் தூக்கத்தை நான் உங்களுக்குக் குடுக்க மாட்டேண்ணா. பழைய சேர்லயே உக்காந்து பாருங்க, அந்தப் பிள்ளைங்களோட கணக்கை. ரிட்டயர் ஆகுற வரைக்கும்."

லிஸ்ட் சாருக்கு வந்த கையோடு திரும்பவும் மனம் வரவில்லை. பையிலிருந்து தாளை எடுத்து, மடித்த துணிகளுக்குப் பக்கத்தில் வைத்தார். "மறுபடி போட்டது. சரியா வந்திருக்கான்னு..."

அக்கா கையை நீட்டினார். இடது கை விரல்கள் முதல் வரியில் ஏறி நடக்கத் தொடங்கின. அரை அரையாக இருந்தது, முக்கால் முக்காலாக இருந்தது. எங்கும் விரல் நிற்கவில்லை. ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். கடைசித் தாளின் கடைசி வரியில் விரல் நின்றது. 'மெய்ப்பு' என்று குத்தி, அதற்குப் பக்கத்தில் அக்காவின் பெயர். அச்சகத்தின் எல்லாத் தாளிலும் பத்தொன்பது வருடமாக விழுந்துகொண்டிருந்த வரி. ஆள் போன பிறகும் அந்த வரியைக் கோப்பிலிருந்து எடுக்கும்படி யாரும் சொல்லவில்லை. லிஸ்ட் சாருக்கு அது தெரியும். தெரிந்தே விட்டு வைத்திருந்தார். இதையாவது அவளுக்கு விட்டுவைப்போம் என்று நினைத்திருந்தார்.

தப்பாக எழும்பிய புள்ளியைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தித் தேய்த்து மட்டமாக்குவது மெய்ப்புப் பார்ப்பவர்களின் வழக்கம். அக்கா தன் பெயரின் முதல் எழுத்தில் நகத்தை வைத்தார். அழுத்தித் தேய்த்தார். அது தாளோடு தாளாகப் போனதை விரலால் சரிபார்த்துவிட்டு அடுத்த எழுத்துக்குப் போனார். வழவழப்பான மேசை, தேய்க்கத் தேய்க்கத் தாள் நழுவியது. அக்கா ஒரு கையால் அதை இழுத்து வைத்துக்கொண்டு மறுபடி தேய்த்தார். மறுபடி நழுவியது.

லிஸ்ட் சார் நாற்காலியை முன்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டு, தாளின் இந்த ஓரத்தை இரண்டு கையாலும் அசையாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.